மூன்று புள்ளிகளுக்குப் பிறகு

திரையில் நிரல்களின் குறிகள் வரிசையாக நிற்கிற பட்டை கீழேயே இருக்கட்டும். மேலே வேண்டாம். அமலோற்பவம் மேடம் நூலகத்தில் இத்தனை வருஷம் கீழே இருக்கிற பட்டையைப் பார்த்தே வேலை செய்தவர். அவருடைய கண் முதலில் திரையின் இடது கீழ் மூலைக்குத்தான் போகும், பக்கத்தில் நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆகவே பட்டையைக் கீழே இறக்குகிற நீட்சி முதலாவது. போட்டாயிற்று. மணி இரண்டு பத்து. நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை அரை நாள், ஒரு மணிக்கே கல்லூரி காலி. என் பொறுப்பில் இருக்கிற கம்ப்யூட்டர் லேபில் நானும் நாலு மின்விசிறிகளும்தான், அதில் ஒன்று ஓடாது. மேசைமேல் விடுதி அலுவலகத்துப் பழைய கம்ப்யூட்டர். வயிற்றைத் திறந்து தூசி தட்டி, புது டிஸ்க் மாட்டி, லினக்ஸ் ஏற்றி மூடியிருக்கிறேன். ஏற்றியதும் வருகிற திரை புதிதாகக் குடிபோன வீடு மாதிரி இருக்கும், சுவரில் ஒரு ஆணிகூட இருக்காது. வேண்டியதை நாமேதான் மாட்டிக்கொள்ள வேண்டும். அப்படி மாட்டுகிற சின்னச் சின்ன நிரல்களுக்குத்தான் நீட்சி என்று பெயர். யார் யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று போட்டுவைத்தது, நூற்றுக்கணக்கில் கிடக்கிறது. எது உதவும், எது வெறும் பகட்டு என்று பார்த்துப் பொறுக்குவதில் இந்தக் கல்லூரியில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பிள்ளைகள் எனக்குப் பின்னால் நீட்சி சார் என்று சொல்லிச் சிரிப்பது தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. உண்டு என்ன உண்டு, இருந்தது. வருகிற திங்கட்கிழமையிலிருந்து அமலோற்பவம் மேடம் நூலகத்தின் துணைப் பொறுப்பாளர் இல்லை. விடுதி அலுவலகத்தில் உட்கார்ந்து எந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று குறிக்க வேண்டும். கல்லூரிச் செயலருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போயிற்று, அதனால் மாற்றிவிட்டார்கள். அந்தக் கடுதாசியை எழுதியவன் நான்.

இரண்டாவது, திரைமேல் கோப்புகளை வைக்க விடுகிற நீட்சி. புதுப் பதிப்புகளில் திரைமேல் ஒன்றையும் வைக்க முடியாது, சுத்தமாக இருக்க வேண்டுமாம். எவனோ குளிர்ந்த ஊரில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறான், மேசை என்றால் அதில் ஒன்றும் இருக்கக் கூடாது என்று. நம்மவர்களுக்குக் கண்முன்னால் கிடந்தால்தான் அது இருக்கிறது என்று அர்த்தம். போட்டாயிற்று. மூன்றாவது, பென்டிரைவைக் கழற்றுவதற்கு மேலே ஒரு குறி காட்டுகிற நீட்சி. விடுதிப் பிள்ளைகள் பென்டிரைவைக் கொண்டுவந்து செருகுவதும் பிடுங்குவதுமாக இருப்பார்கள், அவசியம் வேண்டும். நாலாவது. நாலு என்றதும் கை நின்றுவிடுகிறது. மூன்று வாரமாக இப்படித்தான், நாலாவது பஸ், நாலாவது மாடி, நாலாவது இட்லி, எங்கே நாலு வந்தாலும் பயிற்சியன்று காட்டிய அந்தப் பட்டியல் திரையிலிருந்து இறங்கி என் முன்னால் விரிகிறது. நாலாவது வரி. திரை இருட்டாகாமல் பார்த்துக்கொள்கிற நீட்சியை நாலாவதாக வைக்கலாம், பேசிக்கொண்டிருக்கும்போது திரை அணைந்துபோனால் மேடத்துக்கு எரிச்சல் வரும். எரிச்சலா, அவருக்கா. அவர் எரிச்சல்பட்டு நான் பார்த்ததில்லை. நூலகத்தில் பிள்ளைகள் கத்தினால்கூட எழுந்து போய் அவர்கள் மேசைப் பக்கத்தில் சும்மா நிற்பார், அவ்வளவுதான், சத்தம் நின்றுவிடும். எனக்குப் பக்கத்திலும் அப்படி வந்து நிற்பாரோ என்று மூன்று வாரமாகப் பயந்துகொண்டிருக்கிறேன். வரவில்லை. வராததுதான் கஷ்டமாக இருக்கிறது. பார்த்தாரா, பார்க்கவில்லையா. அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த மவுஸைப் பிடிக்கிற கையே என் கை மாதிரி இல்லை.

பயிற்சி நடந்தது ஒரு புதன்கிழமை மதியம். ஊழியர்களுக்குத் திறந்த மூல மென்பொருள் பற்றி ஒரு மணி நேரம் சொல்லுங்கள் என்று முதல்வர் கேட்டார். எனக்கா கசக்கும்? பதினொரு பேர் வந்திருந்தார்கள். அலுவலகக் கண்காணிப்பாளர் கடைசி வரிசையில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், வணிகவியல்காரர் கொட்டாவி விட்டார். அமலோற்பவம் மேடம் மட்டும் முதல் வரிசையில், கோடு போட்ட நோட்டும் நீலப் பேனாவுமாக. நான் என் கம்ப்யூட்டரையே புரொஜெக்டரில் மாட்டியிருந்தேன். அதுவும் பெருமைதான், என் திரையைப் பாருங்கள், எவ்வளவு அழகாக வைத்திருக்கிறேன் என்று. ஒவ்வொரு நீட்சியாகச் சொல்லிக்கொண்டே வந்து, இருப்பதிலேயே மிகவும் உபயோகமானது இதுதான் என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். நாம் எதைக் காப்பி செய்தாலும் கம்ப்யூட்டர் கடைசியாகச் செய்த ஒன்றைத்தான் நினைவில் வைத்திருக்கும், இந்த நீட்சி கடைசி ஐம்பதையும் வைத்திருக்கும், அணைத்துப் போட்டாலும் மறக்காது, இதோ பாருங்கள் என்று சொல்லிக் குறியை அழுத்தினேன். பட்டியல் இறங்கியது. முதல் வரி ஒரு பதிவெண். இரண்டாவது ஒரு இணைய முகவரி. மூன்றாவது பயிற்சியின் தலைப்பு. நாலாவது, ஐயா, நமது கல்லூரி நூலகத்தில் பணிபுரியும் திருமதி அமலோற்பவம் அவர்கள் பதிவு செய்யாமல், அதற்குமேல் இடம் இல்லாமல் மூன்று புள்ளி. சுவர் முழுக்க. ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலம். இரண்டு விநாடி இருக்கும், மூன்று விநாடிகூட இருக்கலாம், மவுஸை எங்கேயோ அழுத்தினேன், பட்டியல் மூடிக்கொண்டது. இந்த மாதிரி வரும், புரிகிறதா என்றேன். என் குரல்தான் அது. வணிகவியல்காரர் சிரித்தார், ஆனால் அவர் பக்கத்து ஆளிடம் சிரித்தார். மேடம் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். குனிந்தது முன்பா, பிறகா. இதுதான் மூன்று வாரமாக. பட்டியல் இறங்கியபோது நிமிர்ந்திருந்தாரா. நெற்றி தெரிந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நெற்றி தெரிந்தால் குனிந்திருந்தார் என்று அர்த்தம். ஆனால் அது எப்போது தெரிந்த நெற்றி.

இதில் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த நீட்சி தானாக ஒவ்வொரு வரியிலும் முப்பது எழுத்துதான் காட்டும், கொம்பையும் புள்ளியையும்கூடத் தனித்தனி எழுத்தாக எண்ணும். அப்படியே விட்டிருந்தால், ஐயா, நமது கல்லூரி நூலகத்தில், அதோடு முடிந்திருக்கும், எந்த அலுவலகக் கடிதமாகவும் இருக்கலாம். முப்பது போதாது, வசதியாக இல்லை என்று அமைப்புக்குள் போய் அதை எண்பதாக்கியவன் நான். எண்பது எழுத்து என்றால் சரியாக அவர் பெயரைத் தாண்டிப் போகும். வேறு யாருக்கும் இப்படி மாட்டிக்கொள்ள வராது, அமைப்புகளைத் தோண்டத் தெரியாதவன் தப்பித்திருப்பான். கடுதாசியை எழுதும்போது எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தேன். கோப்பாகச் சேமிக்கவில்லை. வெறும் நோட்பேடில் அடித்து, காப்பி செய்து, தடயம் வைக்காத உலாவி ஜன்னலைத் திறந்து, அதற்கென்றே உண்டாக்கிய ஒரு மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பிவிட்டு, எழுதியதைச் சேமிக்கவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லி மூடினேன். மூடிவிட்டுத் தண்ணீர் குடித்தேன். இனி இது எங்கேயும் இல்லை என்று நினைத்தேன். எல்லோருக்கும் முதலில் போடு முதலில் போடு என்று நான் சிபாரிசு செய்கிற அந்த ஒரே நீட்சி, தலைக்கு மேலே வலது மூலையில், எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஐந்தாவது வேண்டுமா? பின்னணியை மங்கலாக்கிப் புகை மாதிரிக் காட்டுகிற நீட்சி ஒன்று இருக்கிறது, பார்க்க ஜோராக இருக்கும், ஒரு பிரயோஜனமும் கிடையாது. மேடத்துக்கு வேண்டாம். எனக்கு வேண்டும்போல் இருக்கிறது, எதையாவது மங்கலாக்கினால் தேவலை. சரி, எதற்காக எழுதினேன். கல்லூரி ஆண்டு விழாவில் நூலகத்தை முழுக்கக் கணினிமயமாக்கியதற்காக என்று சொல்லிச் செயலர் அமலோற்பவம் மேடத்துக்குப் பொன்னாடை போர்த்தினார். முப்பத்தோராயிரம் புத்தகம். மென்பொருளைத் தேடிப் பிடித்தது நான், நிறுவியது நான், தமிழ்த் தலைப்புகள் அகர வரிசையில் வரவில்லை என்றபோது இரண்டு மாதம் மண்டையை உடைத்துச் சரி செய்தது நான். என் பெயர் மேடையில் வரவில்லை. நான் எட்டாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன், கை வலிக்கத் தட்டினேன், பக்கத்தில் இருந்தவருக்குத் தெரியக் கூடாதே என்று. மறுநாள் காலை மேடம் லேபுக்கு வந்தார், ஒரு டப்பாவில் அல்வா. இது உங்களுக்கும் சேத்துத்தான் சார் என்றார். உங்களுக்கும் சேர்த்து. அந்த உம்-ஐப் பிடித்துக்கொண்டு நான் ஒரு வாரம் தொங்கினேன். எனக்கும் சேர்த்தாம். யாருக்கு யார் சேர்த்து? அல்வாவைத் தின்றேன், நன்றாக இருந்தது, தின்னும்போதே நெஞ்சு எரிந்தது. பிள்ளைகளிடம் வகுப்பெடுக்கும்போது என்ன சொல்வேன், உலகம் முழுக்க ஆயிரம் பேர் பெயர்கூட வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிறார்கள், இதுதான் இதன் அழகு என்று கண் கலங்கச் சொல்வேன். எனக்கு ஒரு மேடை, ஒரு பொன்னாடை, ஒரு பெயர் வேண்டியிருந்தது. இப்போது யோசித்தால், முப்பத்தோராயிரம் புத்தகத்தையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, தூசி தட்டி, பெயர், ஆசிரியர், வருஷம், பக்கம் என்று நாலு வருஷம் உட்கார்ந்து அடித்தது அவர். நான் கம்ப்யூட்டரைத் தயார் செய்தேன். அடுப்பை மூட்டியவன் சமையல் என்னுடையது என்று சண்டைக்குப் போனது மாதிரி. வெட்கக்கேடு.

சரி, பொறாமையோடு போயிருந்தால்கூட மனிதன்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். கடுதாசியில் நான் எழுதியது என்ன? நாலே வாக்கியம், எனக்கு மனப்பாடம், பல் தேய்க்கும்போது தானாக ஓடுகிறது. பதிவு செய்யாமல் பல விலையுயர்ந்த புத்தகங்களை வெளியே கொடுத்து வருகிறார் என்று முதல் வாக்கியம். அது பொய் இல்லை, அதுதான் அதன் விஷம். பார்வைநூல்களை வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்பது விதி, பரீட்சை நேரத்தில் வாங்க முடியாத பிள்ளைகளுக்கு மேடம் கொடுப்பார், பதிவில் ஏற்றினால் கணினி மறுத்துவிடும், அப்படி மறுக்கும்படி அமைத்ததும் நான்தான், அதனால் ஏற்றாமல் கொடுப்பார், எல்லாம் திரும்பி வந்துவிடும். இரண்டாவது வாக்கியம், இப்புத்தகங்கள் எங்கே போகின்றன என்று யாருக்கும் தெரியவில்லை. இந்த இடத்தில் எப்போதும் வாய் கொப்பளிக்கிறதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைப் பார்ப்பேன். எனக்குத் தெரியும். அப்படிப் போன புத்தகங்களில் ஒன்று என் வீட்டுக்குத்தான் வந்தது. என் மகள் கோமதி இதே கல்லூரியில் இரண்டாம் வருஷம் உயிர்வேதியியல். போன ஏப்ரலில் அந்தப் பெரிய சிவப்பு அட்டைப் புத்தகம் பதினொரு நாள் எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. எண்ணெய் படக் கூடாது என்று அவள் அதற்குப் பழைய நாட்காட்டித் தாளில் அட்டை போட்டிருந்தாள். மேடம் குடுத்தாங்கப்பா, யார்ட்டயும் சொல்லாதீங்க என்றாள். நான் சொல்லவில்லை. எழுதினேன். போன வாரம் சாப்பிடும்போது, ஏம்ப்பா, அமலோற்பவம் மேடத்த ஹாஸ்டலுக்கு மாத்திட்டாங்களாம்லா, எதுக்காம், என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். குழம்பு கேட்டேன். அவள் ஊற்றினாள். அந்தக் குழம்பை விழுங்குவதற்கு நான் பட்ட பாடு.

மணி மூன்று பத்து. திரை அழகாக இருக்கிறது. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினேன், மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பவர். தமிழ் விசைப்பலகை மாற்றுகிற குறியைக் கண்ணில் படும்படி வைத்தேன். தேதியை நாள், மாதம், வருஷம் என்று நம் முறைப்படி காட்டுகிற நீட்சியும் போட்டேன். எல்லாம் சரி, அது? எல்லாவற்றையும் ஞாபகம் வைக்கிற அந்த நீட்சி. விடுதி அலுவலகத்துக்கு அது இல்லாமல் முடியாது. நானூறு பிள்ளைகளுடைய பதிவெண்ணை இங்கே எடுத்து அங்கே ஒட்டுகிற வேலை, ஒவ்வொரு தடவையும் போய்ப் போய் எடுத்தால் கை ஒடிந்துபோகும். வேறு யாருக்காவது என்றால் முதலாவதாக அதைத்தான் போட்டிருப்பேன். போட்டேன். வலது மேல் மூலையில் அந்தச் சின்னக் குறி வந்து உட்கார்ந்தது. நாலு மணிக்கு அவர் வந்து உட்கார்ந்து, இது என்ன சார் என்று கேட்டால் நான் அதை அழுத்திக் காட்ட வேண்டும், அதே குறி, அதே பட்டியல், அவர் பக்கத்தில். எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு, சே, அவர் என்ன தப்பு செய்தார், என் பயத்துக்காக அவர் கை ஒடியணுமா என்று திரும்பப் போட்டேன். போட்டதும், பார்த்திருந்தால் இதை எப்படி எடுத்துக்கொள்வார், வேண்டுமென்றே குத்திக் காட்டுகிறான் என்று நினைக்க மாட்டாரா. பார்க்கவில்லை என்றால் ஒன்றுமே இல்லையே. பார்க்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. பார்த்திருந்தால் செயலரிடம் அப்போதே சொல்லியிருப்பார். செயலர் அறைக்குள் மேடம் பத்து நிமிஷம் இருந்தாராம், கடுதாசியை முன்னால் போட்டு விசாரித்திருப்பார்கள், இவன்தான் எழுதினான் என்று ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. ஆகவே பார்க்கவில்லை. இந்தக் கணக்கை நூறு தடவை போட்டாயிற்று, நூறு தடவையும் விடை சரியாக வருகிறது, நூறு தடவையும் நிம்மதி வரவில்லை. எடுத்துவிட்டேன். கேட்டால் சொல்லிவிடலாமா. இன்றைக்கே, அவர் உட்கார்ந்ததும், மேடம் ஒரு விஷயம் என்று. வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். மேடம் என்கிற வரைக்கும் வருகிறது. மூன்று ஐம்பதுக்கு முகம் கழுவிவிட்டு வந்தேன், துண்டு இல்லை, சட்டையிலேயே துடைத்துக்கொண்டேன்.

ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம், லேபில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதும் நான் போட்ட விதி. சாம்பல் நிறக் கைத்தறிப் புடவை, தோளில் துணிப்பை, அதில் நூலக மேசையிலிருந்து எடுத்துவந்த பொருட்கள், ஒரு மணிபிளான்ட் கிளை வெளியே தலைநீட்டிக்கொண்டிருந்தது. “வாரேன் சார், வேலையா இருக்கீங்களோ” என்றார். உட்காருங்க மேடம் என்றேன். உட்கார்ந்தார். கண் இடது கீழ் மூலைக்குப் போயிற்று. “பட்டயக் கீழ வச்சிட்டீங்க” என்று சிரித்தார். ஒவ்வொன்றாகக் காட்டினேன். பென்டிரைவை ஒரு தடவை செருகிக் கழற்றிப் பார்த்தார். எழுத்து பெருசா இருக்கு, நல்லது என்றார். எனக்கு ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், இந்த மனுஷி ஒன்றும் பார்க்கவில்லை, நான் பிழைத்தேன் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கமும் பட்டேன், ஆனாலும் தோன்றியது.

“சார், பயிற்சி அன்னைக்கு ஒண்ணு காட்டுனீங்கள்லா. காப்பி பண்ணுனதெல்லாம் வரிசையா வருமே. அது இதுல காணலையே.”

“அது இந்தப் பதிப்புக்கு வராது மேடம்” என்றேன். யோசிக்கவே இல்லை, அவ்வளவு சுலபமாக வந்தது. அரை மணி நேரத்துக்கு முன்னால் இரண்டு தடவை போட்டு இரண்டு தடவை எடுத்தவன்.

அவர் பையிலிருந்து கோடு போட்ட நோட்டை எடுத்தார். பக்கங்களைப் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்து, என் பக்கமாகத் திருப்பி மேசையில் வைத்தார். மேலே பயிற்சித் தேதி. கீழே வரிசையாக எண் போட்டு, அட்டவணை அட்டைகளில் எழுதுகிற அதே வட்ட வட்ட எழுத்தில், நான் சொன்ன நீட்சிகள். காப்பி செய்தவற்றை நினைவில் வைப்பது, மிகவும் உபயோகமானது என்று ஒன்று. அதற்குக் கீழே, உள்ளே தள்ளி, ஒரு வரி. ஐயா, நமது கல்லூரி நூலகத்தில் பணிபுரியும் திருமதி அமலோற்பவம் அவர்கள் பதிவு செய்யாமல், பிறகு மூன்று புள்ளி. மூன்று புள்ளியையும் வைத்திருந்தார். காது அடைத்துக்கொண்டது. மின்விசிறி ஓடுவது தெரிகிறது, சத்தம் இல்லை.

“இந்த மூணு புள்ளிக்குப் பொறவு என்ன சார் இருந்துச்சு?”

நான் விசைப்பலகையைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

“செயலரு எனக்குக் கடிதத்தக் காட்டல சார். ஒங்க மேல புகார் வந்திருக்கு, விடுதிக்குப் போயிருங்கன்னாரு. என்ன புகாருன்னு கேட்டேன். ஒங்களுக்கே தெரியும்னாரு. எனக்குத் தெரியல. பத்து நிமிசம் நின்னு நின்னு கேட்டேன், சொல்லல. பதிவு செய்யாமல், அது வரைக்கும்தான் எங்கிட்ட இருக்கு.”

“மேடம், நீங்க யார்கிட்டயாவது…”

“முழுசாத் தெரியாம என்னத்த சார் சொல்ல” என்றார். பேனாவின் மூடியைக் கழற்றினார். நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “நீங்க சொல்லுங்க. நான் எழுதிக்கிடுதேன்.”

அழுதிருந்தால், திட்டியிருந்தால், காறித் துப்பியிருந்தால்கூட எனக்கு ஏதாவது செய்யக் கிடைத்திருக்கும். அவர் எழுதக் காத்திருந்தார். நான் சொன்னேன். பல விலையுயர்ந்த புத்தகங்களை வெளியே கொடுத்து வருகிறார். எழுதினார். இப்புத்தகங்கள் எங்கே போகின்றன என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை எழுதிவிட்டுப் பேனாவை எடுத்தார், நிமிரவில்லை. “செவப்பு அட்ட புத்தகம். நாட்காட்டித் தாள்ல அட்ட போட்டுத் திருப்பிக் குடுத்தா கோமதி. நல்ல பிள்ள” என்றார். ஆமாம் மேடம் என்றேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைத் துடைப்பதற்குக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்று அப்படியே விட்டேன். “அடுத்து?” என்றார். கணினிப் பதிவேடு மிகச் சிறப்பாக அமைக்கப்பட்டிருந்தும் அவர் அதை மதிப்பதில்லை. இதைச் சத்தமாகச் சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது, மொட்டைக் கடுதாசியில்கூட என்னை நானே பாராட்டிக்கொண்டிருக்கிறேன். அவருக்கும் உறைத்திருக்க வேண்டும், பேனா மிகச் சிறப்பாக என்ற இடத்தில் கொஞ்சம் நின்று போனது. கல்லூரியின் நன்மை கருதி நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன். “கீழ என்ன போட்டிருந்தீங்க?” ஒரு நலம்விரும்பி என்றேன். அதை அவர் எழுதவில்லை. நோட்டை என் பக்கம் திருப்பிப் பேனாவை அதன்மேல் வைத்தார்.

“ஆசிரியர் பேரு இல்லாம நான் எதையும் பதிவு செஞ்சதில்ல சார்.”

முப்பத்தோராயிரம் புத்தகத்திலும் அவர் அப்படித்தான் செய்தார், எனக்குத் தெரியும். நான் பேனாவை எடுத்தேன். சு. ஆவுடையப்பன் என்று எழுதினேன். மேடையில் வரவில்லையே என்று நான் ஏங்கின பெயர், அவர் எழுத்துக்குக் கீழே கோணலாக நின்றது. அதன் பக்கத்தில் அவர் தேதி போட்டார், மை காயட்டும் என்று கொஞ்சம் ஊதிவிட்டு நோட்டை மூடினார்.

“செயலர்கிட்ட நானே போய்ச் சொல்லிரட்டுமா மேடம்?”

“அது ஒங்க பாடு சார்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மன்னித்தும் சொல்லவில்லை. பிறகு திரையைக் காட்டி, “அந்த லிஸ்ட்டு வருத சாமான் நெசமாவே இதுக்கு வராதா?” என்று கேட்டார்.

வரும் மேடம் என்றேன். நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த நீட்சியை மூன்றாவது தடவையாகப் போட்டேன். வலது மேல் மூலையில் குறி வந்தது. அழுத்தினேன், பட்டியல் இறங்கியது, உள்ளே ஒன்றும் இல்லை. அமைப்புக்குள் போனேன். ஒரு வரிக்கு எத்தனை எழுத்து காட்டட்டும் என்று கட்டம் ஒன்று இருந்தது, அதில் முப்பது என்று இருந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கட்டத்தைக் குனிந்து பார்த்தார்.

“முழுசாத் தெரியட்டும் சார்” என்றார்.